மாட்டுக் குரோமோசோமில் குளோனின் இடம் காண்பது: ரத்தக் குழாயிலிருந்து அசெம்பிளித் திருத்தம் வரை

மாட்டின் மரபணுத் தொகுதியைக் கணினியில் கோத்து முடித்தாயிற்று; இப்படிக் கோத்ததுதான் அசெம்பிளி. கான்டிக்குகள் (இடைவெளியின்றிக் கோத்த துண்டுகள்) நீளம், எண்களும் பார்க்க நன்றாக இருக்கின்றன. ஆனால் ஒரு பெரிய துண்டு இந்தக் குரோமோசோமில்தான் இருக்கிறதா, நேராக இருக்கிறதா, தலைகீழாகத் திரும்பியிருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால், அதே தரவை மறுபடி ஓட்டுவதில் பயன் இல்லை. வேறு வகைச் சாட்சி வேண்டும். அந்தச் சாட்சியைக் குரோமோசோமின் மேலேயே பார்த்து எடுப்பது எப்படி என்பதுதான் கீழே.

வேலை இதுதான்: மாட்டு ரத்தத்திலிருந்து குரோமோசோம்களை ஸ்லைடில் விரிப்பது, இடம் தெரியவேண்டிய டி.என்.ஏ. துண்டைக் கொண்ட பேக் குளோனை (துண்டைச் சுமந்து பாக்டீரியாவில் வளரும் நகல்) ஒளிரும் புரோபாக்கி (தனக்கு இணையான இடத்தில் ஒட்டும் டி.என்.ஏ.) குரோமோசோம்மேல் ஒட்டவைப்பது, கிடைத்த இடத்தை அசெம்பிளியோடு ஒப்பிடுவது. புதிதாக வருபவர்கள் இடறும் இடங்களில் அதிகம் நிற்கிறேன். மற்றதை வேகமாகக் கடக்கிறேன்.

1. முதலில் கேள்வியை எழுதுங்கள்

"மேப்பிங் செய்யப்போகிறேன்" என்று ஆரம்பித்தால் மூன்று மாதம் கழித்துக் கையில் அழகான படங்கள் இருக்கும், விடை இருக்காது. கேள்வி மூன்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். துண்டு எந்தக் குரோமோசோமில் இருக்கிறது? எந்தத் திசையில் இருக்கிறது? இரண்டு துண்டுகளில் எது முன்னால்?

முதல் கேள்விக்குச் சந்தேகத் துண்டிலிருந்து ஒரு குளோன் போதும். திசைக்குத் துண்டின் இரு முனைகளிலிருந்தும் ஒவ்வொன்று, இரண்டு நிறத்தில். வரிசைக்கு மூன்று குளோன்கள்.

இந்த முறையின் பார்வைக்கு எல்லை உண்டு என்பதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். மெட்டாபேஸ் குரோமோசோமில் (செல் பிரியும் நடுக்கட்டத்தில் சுருங்கி நிற்பது) இரண்டு மூன்று மெகாபேஸுக்குள் (ஒரு மெகாபேஸ் பத்து லட்சம் பேஸ்) இருக்கும் இரு புள்ளிகளின் வரிசையைப் பிரித்துச் சொல்ல முடியாது. பால் கொழுப்போடு தொடர்புடைய டிஜிஏடி1 மரபணுவின் பிரபலமான மாற்றம் பழைய யூஎம்டி 3.1 அசெம்பிளியில் 14ஆம் குரோமோசோமின் 18,02,265ஆம் இடத்தில் இருந்தது, ஏஆர்எஸ்-யூசிடி 1.2இல் 6,11,019ஆம் இடத்துக்கு வந்தது. பன்னிரண்டு லட்சம் பேஸ் இடப்பெயர்ச்சி பெரிதுதான். ஆனாலும் மெட்டாபேஸில் இரண்டும் சென்ட்ரோமியர் (குரோமோசோமின் இறுகிய இடுப்புப் பகுதி) பக்கத்தில் ஒரே புள்ளியாகத்தான் தெரியும். உங்கள் சந்தேகம் அந்த அளவினது என்றால் இந்த வேலையில் இறங்காதீர்கள். நீள ரீடுகளையோ (ஒரே மூச்சில் படித்த நீண்ட டி.என்.ஏ. வரிசைகள்) ஆப்டிகல் மேப்பையோ (நீண்ட டி.என்.ஏ. இழையில் குறிகளின் இடைவெளியை அளந்த வரைபடம்) பாருங்கள்.

2. எந்த மாட்டின் ரத்தம்?

கூடியவரை டி.என்.ஏ. வரிசையைப் படித்த (சீக்வென்ஸ் செய்த) அதே மாடு; கிடைக்காவிட்டால் அதன் தாய் அல்லது தகப்பன். மாட்டுக்கு மாடு அமைப்பு வேறுபாடு இருப்பதால், வேறு மாட்டில் பார்த்த முரண்பாடு அசெம்பிளியின் தவறா, உயிரினத்தின் இயல்பா என்று பிரிக்க முடியாமல் போகும். 2009இல் வெளியான முதல் மாட்டு மரபணுத் தொகுதிக்கு அமெரிக்காவின் மொன்டானாவில் வளர்ந்த டோமினெட் என்ற ஹியர்ஃபோர்டு பசுவை எடுத்தார்கள். அதற்குத் துணைநின்ற கோரி-240 பேக் நூலகம் அவளுடைய தகப்பன் டோமினோவின் டி.என்.ஏ.விலிருந்து வந்தது. டோமினெட் பசு என்பதால் ஒய் குரோமோசோம் அவளிடம் இல்லை. ஒய் உங்களுக்கு முக்கியம் என்றால் காளையைத்தான் பிடிக்க வேண்டும்.

இரட்டையாகப் பிறந்த மாட்டைத் தவிருங்கள். காளைக் கன்றோடு சேர்ந்து பிறந்த கிடேரியில், கருப்பையிலேயே ரத்தம் கலந்துவிடுவதால், ஒரே ரத்தத்தில் எக்ஸ்எக்ஸ் செல்லும் எக்ஸ்ஒய் செல்லும் இருக்கும். ஸ்லைடில் ஒருநாள் ஒய் தெரியும், மறுநாள் தெரியாது. மாதிரி மாறிவிட்டதோ என்று தேடுவீர்கள். அந்த ரத்தத்தில் எடுத்த டி.என்.ஏ. வரிசையிலும் இரண்டு உடன்பிறப்பும் கலந்தே வரும்.

குரோமோசோம் எண்ணிக்கை 60தானா என்று முதலிலேயே எண்ணுங்கள். மாட்டின் 29 ஜோடி ஆட்டோசோம்களும் (எக்ஸ், ஒய் அல்லாதவை) ஒற்றைக் கை கொண்டவை. சென்ட்ரோமியர் உச்சியில் இருக்கும். 1ஆம், 29ஆம் குரோமோசோம்கள் ஒட்டிக்கொண்ட பிறழ்வு, 1964இல் ஸ்வீடனில் விவரிக்கப்பட்டது, பல இனங்களில் உண்டு. பிறழ்வு ஒரு பிரதி மட்டும் உள்ள மாட்டுக்கு 59 குரோமோசோம் இருக்கும், எக்ஸ் தவிர இன்னொரு பெரிய இருகைக் குரோமோசோமும் தெரியும். அதில் வரைபடம் போட்டால் 1ஆம் குரோமோசோமின் விடைகள் எல்லாம் குழம்பும்.

நம் ஊர்க் காளைகளில் வேலை செய்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. காங்கேயம், உம்பளச்சேரி போன்ற திமில் மாடுகளின் ஒய் ஒற்றைக் கை கொண்டது. ஜெர்சி, ஹோல்ஸ்டீன் காளைகளின் ஒய் சிறியது, இருகை. ஜெர்சிக் காளையின் வழிவந்த கலப்பினக் காளைக்கு ஜெர்சியின் ஒய்தான் இருக்கும். திமில் காளையில் சின்ன இருகைக் குரோமோசோமைத் தேடி அலைய வேண்டாம். அங்கே ஒய் ஆட்டோசோம்களின் கூட்டத்தில் ஒளிந்திருக்கும். ஒய்க்கென்றே உள்ள புரோப் இருந்தால்தான் உறுதியாகச் சொல்லலாம்.

3. ரத்தம் எடுப்பது

கழுத்து ரத்த நாளத்திலிருந்து, சோடியம் ஹெப்பாரின் குழாயில், பச்சை மூடி. பி.சி.ஆர். பழக்கத்தில் ஊதா மூடிக் குழாயை நீட்டுவது எல்லாரும் செய்யும் முதல் தவறு. அதில் உள்ள ஈ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், லிம்போசைட்டுகள் (கல்ச்சரில் பெருகவேண்டிய வெள்ளை அணுக்கள்) பெருகாது. அப்படி வந்த ரத்தத்தை வைத்து முயலாதீர்கள், மறுபடி போய் எடுங்கள்.

ஐஸ் கட்டிமேல் நேரடியாக வைக்கக் கூடாது, உறைந்தால் செல் செத்துவிடும். குளிர்ச்சியாக வைத்து 24 மணி நேரத்துக்குள் கல்ச்சர் போடுங்கள்.

4. எழுபத்திரண்டு மணி நேரக் கல்ச்சர்

ரத்தத்தில் உள்ள லிம்போசைட் தானாகப் பிரியாது. பிரியத் தூண்ட வேண்டும். 5 மி.லி. ஆர்.பி.எம்.ஐ. 1640 ஊடகம், 10 முதல் 15 சதவீதம் கருக்கன்றுச் சீரம், ஆன்டிபயாடிக், தூண்டியாக போக்வீட் அல்லது கான்கானவலின்-ஏ, அதில் அரை மி.லி. முழு ரத்தம். 37 முதல் 38 டிகிரியில் 72 மணி நேரம். தினம் ஒருமுறை குழாயை மெல்ல அசைத்துவிடுங்கள், அடியில் படிந்த செல்லுக்கும் ஊடகம் கிடைக்கட்டும்.

ஒரே மாட்டுக்குக் குறைந்தது மூன்று குழாய் போடுங்கள். ஒன்று கெட்டுப்போகும். வெள்ளிக்கிழமை போட்டால் அறுவடை திங்கள்கிழமை வரும். இடையில் மின்சாரம் போனால் இன்குபேட்டரைப் பார்க்க ஆள் இருக்காது. நான் இப்படி ஒரு வாரக் கல்ச்சரை முழுசாகப் பறிகொடுத்தபின் திங்கள், செவ்வாயில் மட்டுமே போடுகிறேன்.

பட்டை (சாயமிட்டால் குரோமோசோமில் தெரியும் குறுக்குக் கோடுகள்) தெளிவாக வேண்டுமென்றால் கடைசி ஆறேழு மணி நேரம் பி.ஆர்.டி.யூ. என்ற வேதிப்பொருளைச் சேர்த்து ஆர்-பேண்டிங் என்ற பட்டை முறைக்குத் தயார் செய்யலாம். முதல் முறை செய்பவர்கள் இதை ஒதுக்கிவிட்டுச் சாதாரணக் கல்ச்சரில் கை பழகுவது நல்லது.

5. அறுவடை

இங்கே வரிசை மாறினால் எல்லாம் போச்சு. முதலில் கோல்செமிட், மி.லி.க்கு 0.05 முதல் 0.1 மைக்ரோகிராம், 30 முதல் 60 நிமிடம். செல்லை மெட்டாபேஸில் நிறுத்துவது இதுதான். நேரம் கூடினால் எண்ணிக்கை கூடும், ஆனால் குரோமோசோம் சுருங்கித் தடித்துவிடும்; பட்டையும் தெரியாது, புள்ளிகளும் பிரியாது. வரைபட வேலைக்கு நீளமான குரோமோசோம் வேண்டும், ஆகவே குறைந்த நேரத்தின் பக்கம் நில்லுங்கள். இது நச்சு, கையுறை கட்டாயம்.

அடுத்து 1200 ஆர்.பி.எம்.மில் 10 நிமிடம் சுழற்றி, மேல் நீரை எடுத்துவிட்டு, 37 டிகிரிக்குச் சூடாக்கிய 0.075 மோலார் பொட்டாசியம் குளோரைடு, அதாவது 100 மி.லி.க்கு 0.56 கிராம். 15 முதல் 20 நிமிடம். செல் உப்பும், உப்பினால்தான் உள்ளே குரோமோசோம் விலகும். 60 குரோமோசோம் உள்ள உயிரினத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழுவது சகஜம் என்பதால் இந்த நேரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். அளவு மீறினால் செல் வெடித்து, இரண்டு செல்லின் குரோமோசோம்கள் கலந்துவிடும்.

பிறகு மூன்று பங்கு மெத்தனால், ஒரு பங்கு கிளேசியல் அசிட்டிக் அமிலம், அன்றன்று கலந்தது, குளிர்ந்தது. முதல் சில துளிகளைக் குழாயை ஆட்டிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விடுங்கள். மொத்தமாக ஊற்றினால் செல்கள் கட்டியாகத் திரண்டுவிடும். கட்டியானதைக் கரைக்க வழியே இல்லை. பழுப்பு நிறம் போய் வெள்ளைப் படிவு வரும்வரை, குறைந்தது மூன்று முறை மாற்றுங்கள்.

6. ஸ்லைடு

ஸ்லைடில் எண்ணெய்ப் பசை துளியும் இருக்கக் கூடாது. ஆல்கஹாலில் ஊறவைத்து, குளிர்நீரில் நனைத்து, ஈரத்தோடு சாய்த்துப் பிடித்து, ஒரு சாண் உயரத்திலிருந்து இரண்டு துளி.

விரிவு உலரும் வேகத்தைப் பொறுத்தது. காற்று மிக வறண்டிருந்தால் அல்லது ஏசி காற்று நேரே அடித்தால் ஸ்லைடு சட்டென்று உலர்ந்து குரோமோசோம் கொத்தாக நிற்கும். அடைமழை நாளில் மெதுவாக உலர்ந்து சிதறிப்போகும். முதல் ஸ்லைடைப் பேஸ் கான்ட்ராஸ்ட்டில் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைப் போட வேண்டும். இருபதையும் வரிசையாகப் போட்டுவிட்டுப் பிறகு பார்ப்பவர்களுக்கு இருபதும் ஒரே மாதிரி வீணாகும்.

7. குரோமோசோமை அடையாளம் காண்பது

மனிதக் குரோமோசோமில் பழகியவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள். மாட்டின் 29 ஜோடியும் வடிவத்தில் ஒன்றுபோல. நீளமும் படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும். ஏஆர்எஸ்-யூசிடி 1.2இன்படி 1ஆம் குரோமோசோம் சுமார் 158.5 மெகாபேஸ், மிகச் சிறிய 25ஆவது 42.4. 29ஆவது 51.1. கடைசி எண் கொண்டது கடைசிச் சிறியது அல்ல என்பதைக் கவனியுங்கள். நீளத்தை வைத்து எண் சொல்வது சூதாட்டம்.

பட்டையை மட்டும் நம்பினாலும் சிக்கல் வரும். 25, 27, 29ஆம் குரோமோசோம்களில் ஒரு பட்டை முறையின் எண்ணும் இன்னொன்றின் எண்ணும் பொருந்தாமல் ஆய்வுக்கூடங்களே வருடக்கணக்கில் குழம்பின. ஒவ்வொரு குரோமோசோமுக்கும் ஒரு மூலக்கூறு அடையாளம் வைத்து, டெக்ஸாஸ் பெயரிடல் முறை 1990களின் நடுவில் அதைத் தீர்த்தது. நாமும் அதையே செய்யலாம்: சந்தேகக் குளோன் சிவப்பு என்றால், அதே ஸ்லைடில் இடம் தெரிந்த குளோன் ஒன்று பச்சை. இரண்டும் ஒரே குரோமோசோமில் விழுந்தால் எண் உறுதி. பட்டை அதற்குத் துணைச் சாட்சி.

8. குளோனும் புரோபும்

இரு முனைகளின் டி.என்.ஏ. வரிசையும் தெரிந்த குளோனாகத் தேர்ந்தெடுங்கள். ஒரு முனை ஒரு துண்டிலும் மறுமுனை வேறு துண்டிலும் விழுந்தால், ஒன்று அது ஒட்டுப்போட்ட குளோன் (இரு வேறு இடத் துண்டுகள் சேர்ந்தது), அல்லது உங்கள் கேள்விக்கான விடையே அங்கே இருக்கிறது. எதுவென்று பக்கத்துக் குளோனைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒற்றைக் காலனியிலிருந்து வளர்த்து டி.என்.ஏ. எடுத்ததும், புரோப் ஆக்கும் முன்பே, முனைகளை வரிசைப்படுத்திக் குளோன் சரியானதுதானா என்று பாருங்கள். தட்டில் பக்கத்துக் குழியிலிருந்து எடுத்துவிடுவது நடப்பதுதான். ஒரு மாத வேலைக்குப் பிறகு தெரிவதைவிட இப்போது தெரிவது மேல்.

ஒளிரும் சாயத்தைச் சேர்க்கும் நிக் டிரான்ஸ்லேஷனில் துண்டுகள் 200 முதல் 500 பேஸ் நீளத்துக்கு வர வேண்டும். ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள். நீண்ட துண்டு ஸ்லைடெங்கும் பின்னணிப் புள்ளியாக ஒட்டும், மிகக் குட்டைத் துண்டு சரியாக நிற்காது.

திரும்பத் திரும்ப வரும் தொடர்களை அடைக்க காட்-1 டி.என்.ஏ. வேண்டும், அதுவும் மாட்டுடையது. ஆய்வகத்தில் மனித காட்-1 மிச்சம் இருக்கிறது என்று அதைப் போடுவது அடிக்கடி நடக்கிறது. மாட்டின் போவ்-பி போன்ற தொடர்கள் மனிதனிடம் இல்லை, ஆகவே அவை அடைபடாது. எல்லாக் குரோமோசோமும் விளக்கு வைத்ததுபோல ஒளிரும். எல்லா சென்ட்ரோமியரும் மட்டும் ஒளிர்ந்தால் குளோனுக்குள்ளேயே சாட்டிலைட் தொடர் (சென்ட்ரோமியரில் அடுக்கடுக்காகத் திரும்ப வரும் தொடர்) இருக்கிறது. காட்-1ஐக் கூட்டிப் பாருங்கள். அடங்காவிட்டால் குளோனை மாற்றுங்கள்.

9. ஒட்டவைப்பதும் கழுவுவதும்

ஸ்லைடை 70 சதவீத ஃபார்மமைடில், 70 முதல் 72 டிகிரியில், இரண்டு நிமிடம் இளக்கி, உடனே குளிர்ந்த எத்தனால் வரிசையில் போடுங்கள். குளிர் இல்லாவிட்டால் பிரிந்த இழைகள் மறுபடி சேர்ந்துவிடும். ஜாடிக்குள் உள்ள கரைசலில் வெப்பமானியை வைத்துப் பாருங்கள்; வாட்டர் பாத் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். ஃபார்மமைடு வேலை ஃப்யூம் ஹுட்டுக்குள் மட்டும். கர்ப்பிணிகள் இந்தப் படியை வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

புரோபைத் தனியாக இளக்கி, காட்-1 தன் வேலையைச் செய்ய 37 டிகிரியில் அரை மணி நேரம் விட்டு, பிறகு ஸ்லைடில். ஈரப் பெட்டியில், இருட்டில், இரவு முழுக்க. மறுநாள் கழுவி, டாப்பி (குரோமோசோமை நீலமாகக் காட்டும் சாயம்) கலந்த ஆன்டிஃபேட் (ஒளி மங்காமல் காக்கும் திரவம்) போட்டு மூடுங்கள்.

10. பார்ப்பது, குறிப்பது

அசெம்பிளி என்ன சொல்கிறது என்று தெரியாத ஒருவர் பார்க்க வேண்டும். இதை நான் பிடிவாதமாகச் சொல்வேன். "இது 6ஆவதில் வரும்" என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்தால் கண் 6ஆவதைத்தான் தேடும். வேறு குரோமோசோமில் உள்ள புள்ளி பின்னணி அழுக்காகத் தெரியும். குளோனுக்கு எண் மட்டும் கொடுத்து, படம் எடுத்தவர் ஒருவர், குறிப்பவர் வேறொருவர் என்று பிரியுங்கள்.

ஒரு ஜோடியின் இரண்டு குரோமோசோமிலும், ஒவ்வொன்றின் இரு குரோமாட்டிடிலும் (இரட்டித்த இரண்டு இழைகள்) ஒரே உயரத்தில் புள்ளி இருந்தால் மட்டும் கணக்கில் எடுங்கள். இருபது மெட்டாபேஸாவது வேண்டும். நன்றாக வந்த இரண்டைப் படம் பிடித்துவிட்டு எழுந்துபோவது போதாது.

காளையின் ஸ்லைடில் எக்ஸின் முனையிலும் ஒய்யிலும் ஒரே புரோப் ஒளிர்ந்தால் அசுத்தம் என்று தூக்கி எறியாதீர்கள். இரண்டுக்கும் பொதுவான ஒரு பகுதி உண்டு. அசெம்பிளியில் அது எக்ஸின் கடைசி ஐந்தாறு மெகாபேஸ்.

இடத்தை அளக்க, சென்ட்ரோமியர் முனையிலிருந்து புள்ளி வரையிலான தூரத்தைக் குரோமோசோமின் முழு நீளத்தால் வகுத்துச் சராசரி எடுங்கள். ஆனால் அந்தப் பின்னத்தை அசெம்பிளி நீளத்தால் பெருக்கி எண் சொல்லிவிடாதீர்கள். மைக்ராஸ்கோப்பில் தெரியும் குரோமோசோமின் உச்சியில் பெரிய சாட்டிலைட் தொகுதி இருக்கிறது, ஏஆர்எஸ்-யூசிடி 1.2 போன்ற அசெம்பிளியில் அதன் பெரும்பகுதி இல்லை. அதனால் புள்ளிகள் எல்லாம் கணக்கைவிடக் கொஞ்சம் கீழே தள்ளித் தெரியும். இடம் தெரிந்த பச்சைக் குளோனும் அதே அளவு தள்ளியிருந்தால் அது தவறு அல்ல.

11. அசெம்பிளியோடு ஒப்பிடுவது

இப்போதுதான் அசெம்பிளி சொல்லும் இடத்தைத் திறந்து பார்க்கலாம். குளோன் முனைகளை மினிமேப்2 அல்லது பிளாஸ்ட் மென்பொருளில் அசெம்பிளிமேல் ஓட்டுங்கள். பதிவு அட்டவணையில் ஐந்து பத்திகள் (நெடுவரிசைகள்): குளோன் எண், கண்ட குரோமோசோம், பட்டை, அசெம்பிளி இடம், அசெம்பிளியின் பெயரும் பதிப்பும்.

கடைசிப் பத்தியை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். பால் கேசின் மரபணுக் கொத்து 6ஆம் குரோமோசோமில் யூஎம்டி 3.1இன்படி 87 மெகாபேஸ் அருகே, ஏஆர்எஸ்-யூசிடி 1.2இல் 85 அருகே. பதிப்பைக் குறிக்காமல் இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டால், இல்லாத இடப்பெயர்ச்சியை நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

திசையையும் மறக்க வேண்டாம். ஒற்றைக் கைக் குரோமோசோமில் அசெம்பிளியின் முதல் பேஸ் சென்ட்ரோமியர் பக்கம். படத்தைத் திருப்பிவைத்துப் பார்த்துவிட்டு "தலைகீழ் பிழை" என்று அறிவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முரண்பாடு உண்மையானதாகவும் இருக்கலாம். மனிதனில் நோய் எதிர்ப்பு மரபணுக்களின் இரண்டாம் வகுப்பு ஒரே கொத்தாக இருக்கிறது. மாட்டின் 23ஆம் குரோமோசோமில் பழங்காலத் தலைகீழ் மாற்றம் ஒன்றால் அது இரண்டாகப் பிரிந்து, ஒரு பகுதி சென்ட்ரோமியர் பக்கம் போய்விட்டது. மனித வரிசையைப் பார்த்து மாட்டு அசெம்பிளியை "திருத்தினால்" சரியாக இருந்ததைக் கெடுத்தவர்களாவோம். மனித ஒப்பீடு சந்தேகம் எழுப்பலாம். தீர்ப்பு எழுதக் கூடாது.

12. திருத்தம்

ஸ்லைடு மட்டும் சொன்னால் மாற்றாதீர்கள். ஹை-சி தொடர்பு வரைபடம் (செல்லுக்குள் அருகருகே இருக்கும் டி.என்.ஏ. துண்டுகளைக் காட்டுவது), ரீகாம்பினேஷன் அடிப்படையிலான லிங்கேஜ் மேப் (சேர்ந்தே பரம்பரையாக வரும் அடையாளங்களின் வரைபடம்), கதிர்வீச்சு ஹைப்ரிட் மேப் (கதிர்வீச்சால் உடைந்த துண்டுகளில் சேர்ந்தே நிற்கும் அடையாளங்களின் வரைபடம்) ஆகியவற்றில் ஒன்றாவது அதே முடிவைத் தர வேண்டும். ஸ்லைடு ஒரு மாட்டின் சாட்சி. லிங்கேஜ் மேப் பல குடும்பங்களின் சாட்சி. இரண்டும் முரண்பட்டால் அந்த மாட்டில் உண்மையான தலைகீழ் மாற்றம் இருக்கலாம், ஆகவே இன்னும் இரண்டு மாடுகளில் அதே புரோபை ஓட்டுங்கள்.

மாற்றத்தை ஃபாஸ்டா கோப்பில் (டி.என்.ஏ. எழுத்துகள் உள்ளது) கையால் வெட்டி ஒட்டாமல் ஏஜிபி கோப்பில் (துண்டுகளின் இடமும் திசையும் உள்ள பட்டியல்) செய்யுங்கள். துண்டைத் திருப்ப, திசைப் பத்தியில் கூட்டல் குறியைக் கழித்தல் ஆக்கினால் போதும். நகர்த்தினால் இடங்களை மறுபடி எண்ணிட வேண்டும். அகலம் தெரியாத இடைவெளிக்கு 'யு' வகையும் 100 என்ற நீளமும் வழக்கம். கான்டிக்கின் நடுவில் வெட்ட வேண்டிவந்தால், வெட்டும் இடத்தில் நீள ரீடுகள் உண்மையிலேயே அறுந்திருக்கின்றனவா என்று பார்க்காமல் வெட்டாதீர்கள்.

திருத்திய கோப்பிலிருந்து புதிய ஃபாஸ்டாவை உருவாக்கி, எல்லாக் குளோன் முனைகளையும் மறுபடி ஓட்டுங்கள். சந்தேகக் குளோன் மட்டும் சரியாகி, முன்பு சரியாக இருந்த ஒன்று இப்போது இடம் மாறியிருந்தால், பெரும்பாலும் எண்ணிடுவதில் ஒரு வரி தவறியிருக்கும். ஏஜிபியின் இரண்டாம், மூன்றாம் பத்திகளை மேலிருந்து ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.